பெரிதாகும் பறவையும் பெரிதாகும் பிழையும்

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது முதியோர் வாக்கு. மாரிகாலத்தில் மன்னார்த் தீவை நோக்கிச் செல்லும் பெருவழியில் பயணம் செய்வோரின் கண்ணைக் குளிர்விப்பதோ பச்சையன்று, இளஞ்சிவப்பு. வங்காலைக் கரையின் ஆழமற்ற உவர்நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடித்து இரை தேடும் காட்சி அது. 2008ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்டு, 2010ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட இவ்விடம் 4,839 ஹெக்டேயர் பரப்புடையது. ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் ஆலாக்களும் கடல் கடந்து இங்கே வந்து தங்குகின்றன.

இவற்றைப் படம்பிடிக்க முயல்வோர் முதலில் உணர்வது தூரத்தின் கொடுமையையே. சேற்றிலே கால் வைத்தால் பறவை எழுந்துவிடும். கரையிலே நின்றால் படத்தில் அது ஒரு புள்ளியாகிவிடும். இந்த இக்கட்டிலிருந்து மீள்வதற்குப் பலரும் நாடும் சிறு கருவியே டெலிகன்வேர்ட்டர். லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையே பொருத்தப்படும் இந்த இடைவில்லை, 400 மில்லிமீற்றர்க் குவியத் தூரத்தை 560 ஆகவோ 800 ஆகவோ நீட்டித் தரும். பெரிய லென்ஸ் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் இதன் விலை சொற்பம். ஆனால் விலையை வேறு வழியிலும் கொடுக்கவேண்டும் என்பதைக் கடையிலே எவரும் எடுத்துரைப்பதில்லை.

என் தமக்கையின் மகன் 100–400 சூம் லென்ஸோடு இரட்டிப்பு இடைவில்லை ஒன்றைப் பூட்டிக்கொண்டு என்னுடன் வங்காலைக்கு வந்தான். வீடு திரும்பிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது. ஒரு பூநாரையின் கண்ணேனும் தெளிவாக இல்லை.

“மாமா, லென்ஸ் பழுதோ, இடைவில்லை பழுதோ?” என்று வினவினான்.

“இரண்டும் பழுதல்ல, தம்பி. பறவையைப் பெரிதாக்கிய கருவி பிழையையும் பெரிதாக்கியிருக்கிறது, அவ்வளவே” என்றேன்.

அவனுக்குச் சொன்ன விளக்கத்தை மாணவர்களுக்காக இங்கே தருகிறேன். ஒரு கரண்டி நெய்யை ஒரு தோசைக்குத் தடவுவதற்கும் நான்கு தோசைக்குத் தடவுவதற்கும் வேற்றுமை உண்டன்றோ? இரட்டிப்பு இடைவில்லை அதே ஒளியை நான்கு மடங்கு பரப்பில் விரிக்கிறது. ஆகவே கிடைக்கும் ஒளி காற்பங்கே. 1.4 மடங்கு இடைவில்லையாயின் பாதி எஞ்சும். எஃப் 5.6 துவாரமுடைய லென்ஸ் முன்னதோடு எஃப் 11 ஆகவும், பின்னதோடு எஃப் 8 ஆகவும் குறுகிவிடும்.

கமராவின் ஓட்டோபோகஸ், லென்ஸின் இரு ஓரங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டே குவியத்தைக் கணிக்கிறது. நம் இரு கண்களும் தூரத்தை மதிப்பிடுவதை ஒத்தது அது. துவாரம் குறுகும்போது அவ்விரு கண்களும் நெருங்கிவிடுகின்றன, மதிப்பீடு தளர்கிறது. ஆடியுள்ள கமராக்களின் உணரிகளிற் பெரும்பாலானவை எஃப் 5.6 வரையே வேலை செய்வன. சிலவற்றில் நடுப்புள்ளி மட்டும் எஃப் 8 வரை தாங்கும். மிரர்லெஸ் எனப்படும் ஆடியற்ற கமராக்கள், படம் விழும் தளத்திலேயே குவியத்தை அளப்பதால், இதற்கும் குறுகிய துவாரத்தில் இயங்குகின்றன. ஆயினும் ஒளி குறைந்தால் அவையும் முன்னும் பின்னும் தடுமாறும்.

இனிப் பிழையின் கணக்கு. லென்ஸ் தன் குவியத்தில் ஒரு மயிரிழை தவறினால், இரட்டிப்பு இடைவில்லையின் பின்னே அத்தவறு நான்கு மடங்காகிறது. குறுகிய துவாரம் பொறுத்துக்கொள்ளும் எல்லையோ இரு மடங்குதான் கூடுகிறது. இறுதியில் நட்டம் இரு மடங்கு. முழுச்சட்டக் கமராவில், 30 மீற்றர் தூரத்துப் பறவைக்கு 400 மில்லிமீற்றர் லென்ஸ் எஃப் 5.6 இல் ஏறத்தாழ இரண்டு மீற்றர் ஆழத்துக்குத் தெளிவு தரும். இரட்டிப்பு இடைவில்லையோடு அது ஒரு மீற்றருக்குச் சுருங்கிவிடும்.

அடுத்த நாட் காலை வீட்டுத் திண்ணையிலே ஒரு சோதனை நடத்தினோம். கமராவை முக்காலியில் இருத்தி, முற்றத்தின் மறு கோடியில் ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்து, ஒவ்வொரு முறையும் குவியத்தைக் கலைத்துவிட்டுப் பத்துப் படங்கள் எடுத்தோம். போளை அடிக்கும் சிறுவன் எப்போதும் ஓர் அங்குலம் இடப்புறமே தவறினால் அவனைத் திருத்திவிடலாம். ஒருமுறை இடமும் ஒருமுறை வலமுமாகத் தவறினால் திருத்துவது எங்ஙனம்? பத்துப் படங்களும் ஒரே பக்கம் விலகியிருந்தால், ஆடியுள்ள கமராக்கள் பலவற்றில் உள்ள நுண்திருத்த வசதி அதனைச் சீராக்கும். சிதறியிருந்தால் ஒளியும் துவாரமுமே போதவில்லை என்று கொள்ளவேண்டும். சூம் லென்ஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. 100 இல் உள்ள பிழை 400 இல் உள்ள பிழையன்று. இடைவில்லையைப் பூட்டிய பின் இரண்டும் வேறு. ஆதலால் ஒவ்வொரு சேர்க்கையையும் தனித்தனியே சோதித்தல் தகும்.

எங்கள் சோதனையில் 1.4 மடங்கு இடைவில்லை ஒரே பக்கம் விலகியது, திருத்தினோம். இரட்டிப்பு இடைவில்லை சிதறியது, பெட்டிக்குள் வைத்துவிட்டோம்.

எந்தத் திருத்தத்துக்கும் கட்டுப்படாத பகை ஒன்று மன்னாரில் உண்டு. அதுவே கானல். வெயில் ஏறியதும் உவர்த்தரையின் மேல் காற்று நெளியத் தொடங்கும். தூரத்துப் பறவையின் விளிம்பு நீரில் ஆடும் நிழல்போல் அலையும். அந்நேரத்தில் லென்ஸை நீட்ட நீட்டக் கானலும் நீளும். விடியலுக்கு முன் எழுந்து செல்வதே அதற்கு மருந்து.

தெளிவுக்காக இத்தனை பாடு எதற்கு என்று கேட்போர் உளர். கரையோரப் பறவைகள் சிலவற்றின் காலில் ஆய்வாளர் நிறக்கொடி கட்டி எழுத்துப் பொறித்துவிடுகின்றனர். கொடியின் நிறச் சேர்க்கை அது கட்டப்பட்ட நாட்டைக் காட்டும். எழுத்து அப்பறவையையே காட்டும். 2021ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் மன்னாரில் கருவி பொருத்திவிட்ட கடற்காகங்கள் வட ருசியாவின் ஆர்க்டிக் கரை வரை சென்றமை செய்மதி வழியே தெரியவந்தது. அத்தகைய கருவி எல்லாப் பறவைக்கும் கிடைப்பதில்லை. மற்றவற்றின் பயணத்தை அறிய, எங்கோ ஒருவர் எடுத்த படத்தில் அச்சிறு எழுத்துத் தெளிவாய் விழவேண்டும். மங்கலான பெரிய படத்தினும் தெளிவான சிறிய படமே அங்கே உதவும்.

தெளிவு கிட்டாதபோது மனம் ஓரடி முன்னே செல் என்று தூண்டும். அங்கேதான் நாம் நிற்கவேண்டும். பல்லாயிரம் கிலோமீற்றர் பறந்து வந்த உயிர், திரும்பும் பயணத்துக்காக இங்கே உடலில் கொழுப்பைச் சேர்க்கிறது. நம் ஒரு படத்துக்காக அது எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் அச்சேமிப்பிலிருந்து செலவாகிறது. நீண்ட லென்ஸ் பறவையைத் துரத்துவதற்கு அன்று, துரத்தாதிருப்பதற்கே. மருமகன் இப்பொழுது 1.4 மடங்கு இடைவில்லையோடு கண்டல் நிழலில் அசையாது அமர்ந்திருக்கப் பழகிவிட்டான். அவன் படங்களில் பறவைகள் முன்னிலும் சிறியவை. ஆனால் அவற்றின் கண்களிலே காலைச் சூரியன் தெரிகிறது.