9999 என்றொரு காலிப் பெட்டி

ஆண்ட்ராய்டு பில்டில் 'டூப்ளிகேட் கிளாஸ்' என்று எர்ரர் வந்தால், பலர் கண்ணில் பட்ட லைப்ரரியைத் தூக்கிவிடுகிறார்கள். பில்ட் ஓடினாலும் ஓடும். அப்புறம் யாரோ ஒருவர் போனில் செயலி பாதியில் படுத்துவிடும்.

கூகுளின் குவாவாவைப் பாருங்கள். லிசனபிள்ஃப்யூச்சர் என்ற ஒற்றை இன்டர்ஃபேஸுக்காக முழு குவாவாவையும் சுமப்பானேன் என்று அதை மட்டும் தனி லைப்ரரியாக, 1.0 என்று வெளியிட்டார்கள். பழைய குவாவாவும் இதுவும் ஒரே செயலிக்குள் வந்தால் தகராறுதான். ஒரே பில்லுக்கு இரண்டு என்ட்ரி! (டிரையல் பாலன்ஸ் இதைப் பிடிக்காது, பில்ட் பிடித்துவிடும்.)

2018-ல் வந்த குவாவா 27.0 செய்தது பலே வேலை. வெர்ஷன்கள் மோதினால் கிரேடில் பெரிய எண்ணைத்தானே எடுக்கும்? அதே லைப்ரரிக்கு 9999.0 என்றொரு வெர்ஷன், உள்ளே ஒன்றுமே இல்லாமல். 1.0 தோற்று வெளியேற, கிளாஸ் குவாவாவில் மட்டும் மிஞ்சும். ஆக, குவாவாவை 27-க்கோ அதற்கு மேலோ ஏற்றினால் போதும், எதையும் தூக்க வேண்டாம்.