நடைக் கணக்கு

"உங்கள் நடை நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எழுத்தாளன் என்ற ஜந்துவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். எழுத்து நடையைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வான். கால் நடையைப் பற்றி அவனிடம் யார் பேசப் போகிறார்கள்? நானும் இருபது வருஷமாகக் கதாபாத்திரங்களை நடக்க வைத்துப் பிழைக்கிறவன்தான். கோபக்காரன் விறுவிறுவென்று நடப்பான். கடன் கேட்கப் போகிறவன் தயங்கித் தயங்கி நடப்பான். அதற்கு மேல் நடையில் கவனிக்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. பெரியப்பாதான் எனக்கு அந்தக் கணக்கைக் கற்றுக் கொடுத்தார்.

பெரியப்பா புதுக்கோட்டையில் கஜானா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எண்ணுவது அவருக்கு உத்தியோகம் மட்டுமல்ல, சுபாவமே அதுதான். விடியற்காலையில் வீட்டிலிருந்து பல்லவன் குளம் வரை நடப்பார். படிக்கட்டில் சற்று உட்காருவார். கீழ ராஜ வீதியில் ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்புவார். எங்கள் ஊர்த் தெருக்கள் நடப்பதற்கென்றே போட்டவை என்பது என் அபிப்பிராயம். சமஸ்தானம் 1948-ல் போய்விட்டது. நூல் பிடித்தாற்போல நேராக ஓடும் ராஜ வீதிகள் மட்டும் போகவில்லை.

ஓய்வு பெற்ற வருஷம் வாசற்படியிலிருந்து குளக்கரை வரை 612 காலடி என்று டைரியில் எழுதி வைத்தார். சில வருஷம் கழித்து அது 655 ஆயிற்று. அப்புறம் 730. "குளம் தள்ளித் தள்ளிப் போகுதுடா" என்று சிரித்தார். வைத்தியர் ஒருவரிடம் காட்டியபோது, "வயசு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கை நடுங்கவில்லை; ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 840 ஆன வருஷத்தில், வலது கை வீசாமல் விலாவோடு ஒட்டிக்கொண்டது. கையெழுத்து எறும்பு ஊர்வதைப் போலச் சிறுத்துவிட்டது. திருச்சியில் நரம்பு வைத்திய நிபுணர் ஒருவர் பார்த்துவிட்டு, பார்க்கின்ஸன் நோய் என்றார்.

நடுமூளையில் கறுப்பு நிறமுள்ள ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கின்றன. அந்த அணுக்கள் மடிய மடிய, நினைக்காமலே நடந்துகொண்டிருந்த காரியங்களெல்லாம் நினைத்துச் செய்ய வேண்டியவை ஆகிவிடுகின்றன. நீங்களும் நானும் நடக்கும்போது அடுத்த காலை எங்கே வைப்பது என்று யோசிப்பதில்லை. பெரியப்பா யோசிக்க வேண்டும், ஒவ்வோர் அடிக்கும்.

டாக்டர் அளந்த விதம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு நாற்காலி, தரையில் மூன்று மீட்டர் தள்ளி ஒரு கோடு. எழுந்து, கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். தேக சௌக்கியமுள்ள முதியவர்கள் இதைச் சுமார் 10 விநாடியில் செய்துவிடுவார்களாம். பெரியப்பாவுக்கு 14 விநாடி ஆயிற்று. போகும்போது தாமதமில்லை, திரும்புவதற்குத்தான் தேர் நிலை திரும்புவதைப் போல ஏழெட்டுச் சிறு அடிகள் தேவைப்பட்டன. பிறகு டாக்டர், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே நடக்கச் சொன்னார். கஜானா மனிதரிடமா? 93, 86, 79, 72 என்று பிசகாமல் வந்தது. கணக்கு சரியாக வந்தது, கால் நின்றுவிட்டது.

தெருவில் போகிறவர்களை உற்றுப் பார்ப்பது எழுத்தாளனின் கெட்ட பழக்கம் என்று என் மனைவி சொல்லுவாள். லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் என்ற வைத்தியருக்கும் அந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. 1817-ல் இந்த நோயைப் பற்றி அவர் எழுதியபோது வர்ணித்தவர்கள் மொத்தம் ஆறே பேர். அவர்களில் இருவர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. பாரிஸில் ழில் த லா தூரெத் 1886-ல் இன்னும் ஒரு படி போனார். ஏழெட்டு மீட்டர் நீளமுள்ள வெள்ளைக் காகிதத்தை விரித்து, நோயாளிகளின் பாதத்தில் சிவப்பு இரும்புத் துகளைப் பூசி, அதன் மேல் நடக்க விட்டார். கிருஷ்ண ஜயந்திக்கு நம் வீட்டில் மாக்கோலத்தில் பாதம் வைக்கிறோமே, அந்த மாதிரி வரிசையாகச் சிவப்புப் பாதங்கள். ஒரு பாதத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி, எந்தக் கால் கோணுகிறது என்று ஸ்கேலை வைத்து அளந்தார். இன்று அதே வேலையை இடுப்புப் பட்டையிலும் கைபேசியிலும் இருக்கும் சிறு கருவிகள் செய்கின்றன. அமெரிக்காவில் 2015-ல் தொடங்கிய எம்பவர் என்ற ஆராய்ச்சியில், ஆயிரக்கணக்கானவர்கள் ஐபோனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்து காட்டினார்கள்.

சிங்கப்பூரிலிருக்கும் பெரியப்பாவின் மகனும் காலடி எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை அனுப்பி வைத்தான். அது பாதிக்கு மேல் கோட்டை விட்டது. கையே வீசாத மனிதரின் கால் கணக்கு, கையில் கட்டிய கடிகாரத்துக்கு எப்படித் தெரியும்? "கருவூலத்தில் இருந்தால் இதை சஸ்பெண்ட் செய்திருப்பேன்" என்று பெரியப்பா கழற்றி வைத்துவிட்டார்.

உண்மையான அளவை எடுத்தது பெரியம்மாதான். "டாக்டர் முன்னாலே புது மாப்பிள்ளை மாதிரி நடக்கிறாரு. வீட்டிலே வந்து பாருங்க" என்று அவள் அங்கேயே சொல்லிவிட்டாள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த நோய்க்காரர்கள் பிறர் கவனிக்கும்போது நன்றாக நடப்பது வழக்கந்தான் என்றும், வீட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வரும்படியும் சொன்னார்.

கூடத்திலிருந்து கிணற்றடி வரை டேப் பிடித்து 10 மீட்டர் அளந்தோம். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பெரியம்மா எழுதினாள். காலையில் மாத்திரைக்கு முன் 38 அடி. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து 23. அடுத்த மாத்திரை நெருங்கும்போது மறுபடி 35. ஒரே மனிதருக்கு ஒரே நாளில் மூன்று நடை! சில நாள் மாத்திரை போட்ட பிறகும் 30-க்குக் கீழே இறங்கவில்லை. நோட்டைப் புரட்டிய டாக்டர், மாத்திரையை எதோடு சாப்பிடுகிறார் என்று கேட்டார். பாலோடு. அந்த மருந்தின் பெயர் லெவோடோபா. பால், பருப்பு இவற்றிலுள்ள புரதம் அதற்குப் போட்டியாக நின்று வழியை மறிக்குமாம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், வெறும் தண்ணீரோடு என்று மாற்றிக் கொடுத்தார்.

நம் வேலியோரத்துப் பூனைக்காலி விதையிலும் இந்த லெவோடோபா இருக்கிறது. தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் 1937-லேயே அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர் விதையை அரைத்துக் கொடுக்கச் சொன்னார். அளவு தெரியாத மருந்து வேண்டாம் என்று பெரியப்பா மறுத்துவிட்டார். எண்ணுகிறவர் அல்லவா?

நிலைப்படி ஒன்றுதான் மிச்சமிருந்த சத்துரு. அங்கே வந்தால் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். குறுக்குக் கோடு கண்ணில் பட்டால் இப்படிப்பட்டவர்களுக்குக் கால் தூக்க வருகிறது என்பது 1967-லேயே புத்தகத்தில் எழுதப்பட்ட விஷயம். பெரியம்மா கோலத்துக்கு வைத்திருந்த காவியைக் குழைத்து, நிலைக்கு இப்புறமும் அப்புறமும் நாலு நாலு கோடு இழுத்தாள். காவியும் இரும்புத் துகள்தான். பாரிஸ்காரர் பாதத்தில் பூசினார், இவள் தரையில் பூசினாள். பெரியப்பா வாய்க்காலைத் தாண்டுகிறவர் போல ஒவ்வொன்றாகத் தாண்டி வெளியே வந்தார்.

இதற்குள் சிங்கப்பூரிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. அப்பா இனிமேல் தெருவில் இறங்கவே கூடாது. விழுந்தால் யார் பார்ப்பது? மகனுடைய பயம் நியாயமானது. பெரியப்பா வாதாடவில்லை. பால் கணக்கு நோட்டைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பச் சொன்னார். "எப்போ விழுவேன், எப்போ விழமாட்டேன்னு இதிலே இருக்கு. விழாத நேரத்திலே போறேன்" என்றார். ஒரு வாரம் பேச்சு நடந்தது. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கிளம்புவது, யாராவது கூடப் போவது என்று ஒப்பந்தம் ஆயிற்று.

நான் ஊரிலிருக்கும் நாட்களில் அந்த 'யாராவது' நான்தான். பேச்சுக் கொடுத்தால் கால் நின்றுவிடும் என்பதால் வாயைத் திறக்காமல் நாலடி பின்னால் போவேன். குளத்துப் படியில் உட்கார்ந்து அவர் டைரியை எடுப்பார். போன வாரம் எட்டிப் பார்த்தேன். எழுத்து கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

"788. மாத்திரை 5 மணி. நிலையில் ஒரு தடவை நின்றது. நேற்றுக் காப்பியில் சர்க்கரை அதிகம்."