தங்கவயலில் ஒரு நாள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமையன்று எங்கள் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து குடும்பத்தார், குழந்தை குட்டிகளுடனும் கட்டுச்சோற்று மூட்டைகளுடனும் கோலார் தங்கவயலுக்குச் சென்று வந்தோம். “சுரங்கத்தை மூடிவிட்டார்களே, அங்கே பார்ப்பதற்கு இன்னும் என்ன இருக்கிறது?” என்று கேட்ட நண்பர்களும் உண்டு. பார்ப்பதற்கென்று புறப்பட்டவர்கள் எங்களுள் சிறுவர்கள் மட்டுமே. எங்களுள் மூத்தவரான பெரியவர் ஒருவர், தாம் பிறந்த வீட்டை ஒருமுறை கண்ணால் காண வேண்டும் என்றார். அவருக்கு வயது எண்பத்தொன்று. தம் ஒன்பதாம் வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அவ்வூரை விட்டுப் பெங்களூர் வந்தவர், நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊருக்கு எழுபத்திரண்டு ஆண்டுகளாகத் திரும்பியதில்லை. “அந்த மண்ணை மிதிக்கக்கூடாது” என்று அவருடைய அன்னையார் சொல்லியிருந்தாராம். அன்னையார் மறைந்து பல ஆண்டுகள் ஆகியும் அச்சொல் அவரைத் தடுத்துக்கொண்டே இருந்தது.

காலை வண்டியில் ஏறினோம். ஒயிட்பீல்டு, மாலூர், டேக்கல் ஆகிய ஊர்களைக் கடந்து வண்டி பங்காரப்பேட்டையை அடைகிறது. மைசூரின் ஆணையராக இருந்த பௌரிங் துரையின் பெயரால் பௌரிங்பேட்டை என்று வழங்கிய ஊர் இது. கன்னடத்தில் ‘பங்கார’ என்றால் பொன். ஆதலால் இன்றைய பெயரே பொருத்தமானது. இங்கிருந்து ஒரு கிளைப்பாதை பிரிகிறது. சுரங்கங்களுக்காகவே 1894-இல் போட்ட பாதை அது. கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று நிலையங்கள் ஒன்றையொன்று தொட்டாற்போல வருகின்றன. மாரிகுப்பத்துக்கு அப்பால் தண்டவாளம் இல்லை.

வண்டியின் சாளரத்தில் முதலில் தென்படுவன மலைகள். மரமோ செடியோ பெரிதாக இல்லாமல், மழைநீர் அரித்த கோடுகளுடன், வெளிறிய மஞ்சள் நிறத்தில் நிற்கின்றன. “இவை மணல் மலைகளா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். மணலும் அன்று, இயற்கை மலையும் அன்று. பாறையை மாவாக அரைத்து, சயனைடு நீரில் பொன்னைக் கரைத்து எடுத்தபின், எஞ்சிய சக்கையை நூறாண்டுகளுக்கு மேல் கொட்டி வந்த குவியல்களே அவை. மூன்று கோடி டன்னுக்கு மேல் தேறும் என்பர். தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் பொன் கிடைத்தது; இறுதிக் காலத்தில் மூன்று நான்கு கிராம் கிடைப்பதே அரிதாயிற்று. இவ்வயலில் மொத்தம் 800 டன் அளவுக்குப் பொன் எடுத்தார்கள். அது கண்காணாத இடங்களுக்குச் சென்றுவிட்டது. சக்கை ஊரிலேயே தங்கிவிட்டது. காற்றடிக்கும் நாட்களில் அந்தத் தூள் வீடுகளுக்குள் புகுந்து சோற்றிலும் விழுகிறது என்று வண்டியில் உடன் வந்த ஓர் அம்மையார் கூறினார். சினிமாக்காரர்களுக்கு மட்டும் அம்மலைகள் மீது தனிப் பிரியம். 2018-இல் வந்த கன்னடப் படத்தாலும் 2024-இல் வந்த ‘தங்கலான்’ படத்தாலும் எங்கள் சிறுவர்கள் இவ்வூரின் பெயரை எங்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள்!

இந்த மண்ணில் பொன் உண்டு என்பதை வெள்ளையர் கண்டுபிடித்ததாக எழுதுவது வழக்கம். உண்மை சற்று வேறானது. 1802-இல் நில அளவைக்கு வந்த ஜான் வாரன் என்னும் அதிகாரி, பொன்னைக் காட்டுவோருக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊரிகத்து மக்கள் வண்டியில் மண் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே கழுவிப் பொன்துகளைக் காட்டினார்கள். மாரிகுப்பத்தில் ஆட்கள் குழிக்குள் இறங்கிக் கல்லை உடைத்து எடுத்து வந்ததையும் அவர் கண்டு எழுதினார். பிறகு, நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டு வந்த லாவெல் என்னும் அயர்லாந்துக்காரர் 1873-இல் மைசூர் அரசிடம் உரிமை கோரி விண்ணப்பித்தார். அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலவில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் பொறுப்பேற்றனர். முதலில் அவர்கள் கைப்பணமும் கரைந்தது. கடைசி முயற்சியாக பிளம்மர் என்பவர் பழைய குழிகளையே பின்பற்றித் தோண்டிச் சென்றபோதுதான் வளமான பொன்னோட்டம் அகப்பட்டது. ஆகவே வழி காட்டியது பெயர் தெரியாத பழைய குழிக்காரர்களே.

தாது வருடப் பஞ்சத்தின் நினைவு ஆறுமுன் திறந்த சுரங்கம் இது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து மேஸ்திரிகள் ஆட்களைத் திரட்டி வந்தார்கள். மூங்கில் தட்டிகளால் ஆன குடிசைகளில் அவர்களைக் குடி வைத்தார்கள். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேர் வரை இங்கு வேலை செய்தனர். வேலூர், ஆம்பூர், குடியாத்தம் என்று பாலாற்றுப் பக்கத்து ஊர்களை விட்டு வந்தவர் பலர். தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலத்து ஏரியும் பாலாற்றின் ஏரியே. ஆற்றை விட்டு வந்தோம் என்று எண்ணியவர்கள் அதே ஆற்றின் தலைமாட்டில் குடியேறி, அதே நீரைக் குடித்து வாழ்ந்தார்கள்.

ஊரிகத்தில் இறங்கி ஆட்டோ ரிக்‌ஷாக்களில் சுற்றினோம். மேட்டுப்பகுதியில் ஓடு வேய்ந்த பெரிய பங்களாக்களும், மனமகிழ் மன்றமும், கோல்ப் மைதானமும், மாதா கோயில்களும் இருக்கின்றன. கார்ன்வால் முதலிய இடங்களிலிருந்து வந்த வெள்ளையர் வாழ்ந்த பகுதி. ‘குட்டி இங்கிலாந்து’ என்று அதற்குப் பெயர். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிட்டு, காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902 ஜூன் 30-ஆம் நாள் இங்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். ஆனால் சுரங்க இயந்திரங்களுக்கு வந்த மின்சாரம் தொழிலாளர் குடியிருப்புக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. பெரியவருடைய நினைவில் இருப்பது மண்ணெண்ணெய் விளக்கே.

சுரங்க வாயிலொன்றில் இறங்கினோம். பூட்டிய கதவுக்கு அப்பால், துருவேறிய இரும்புக் கோபுரம் நின்றது. அதன் உச்சியில் சக்கரம். அச்சக்கரத்தின் கயிற்றில்தான் கூண்டு இறங்கும். காவலர் மரியாதையாகப் பேசினாரே தவிர, உள்ளே விடவில்லை. விட்டாலும் காண்பதற்கு ஒன்றுமில்லை. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடியபின் சுரங்கங்களில் நீர் நிரம்பிவிட்டது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். குளிர்விக்கப்பட்ட காற்றை அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடியும். 1965-இல் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து, வானத்திலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தை இங்கே 2,300 மீட்டர் ஆழத்தில் கண்டார்கள். அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றிலும் கண்டார்கள். பிற துகள்களை எல்லாம் பாறை தடுத்துவிடுமாதலால் ஆழ்சுரங்கம் தேவைப்பட்டதாம். எங்கள் கல்லூரி மாணவன் ஒருவன் இதை ஆர்வத்துடன் விளக்கிக்கொண்டிருந்தான். பெரியவர் கதவின் கம்பியைப் பிடித்தபடி சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே பேசினார். ஆழத்தில் பாறையைக் குடைந்து எடுக்க எடுக்க, மிச்சமுள்ள பாறை மேற்சுமை தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறும். அதிர்ச்சி மேலே வீடுகள் வரை வரும். “பரணிலிருந்த பாத்திரங்கள் தாமாகவே கலகலவென்று ஒலித்தன. அம்மா அடுப்பை அணைக்காமல் ஓடினாள். லைனிலிருந்த பெண்கள் எல்லாரும் ஓடினார்கள். இதோ, இப்படி ஒரு கதவுக்கு வெளியேதான் நின்றார்கள். கூண்டு மேலே வரும், சிலர் இறங்குவார்கள், அந்தப் பெண்கள் மட்டும் கூட்டத்திலிருந்து விலகுவார்கள். மறுபடியும் கூண்டு வரும். விடியும்வரை அம்மா விலகவில்லை.” அவருடைய தந்தையார் மறுநாள் மேலே வந்தார், உயிருடன் அன்று. வேலை செய்பவருக்கே வீடு என்பது அக்காலத்து விதி. சில வாரங்களில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தாயும் மகனும் பெங்களூருக்கு வண்டியேறினார்கள். கதை அவ்வளவுதான் என்றார். தந்தையாரின் பித்தளைப் பில்லை ஒன்றை இடுப்புப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் பெயர் இல்லை, ஓர் எண் மட்டும் இருந்தது.

எண்களாக வைத்திருந்த மனிதர்கள் எண்களாகவே இருந்துவிடவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1930-இல் தொழிலாளர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, ‘நாங்கள் குற்றவாளிகளா?’ என்று கேட்டு 21 நாள் வேலைக்குப் போகாமல் இருந்தார்கள், உத்தரவு பின்வாங்கிற்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப்பின் நின்றுபோயிருந்தது. அதை 1926-இல் மீண்டும் எழுப்பி நடத்தியவர் தங்கவயல் அப்பாதுரையார். பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் சந்தா கட்டி, இரவில் மண்ணெண்ணெய் விளக்கருகே ஒருவர் படிக்கப் பலர் கேட்ட இதழ் அது. ஒரு சங்கப் பத்திரிகைக்குச் சந்தா பிரிப்பது எத்தகைய பாடு என்பதை அறிந்த எங்களுக்கு அவர்கள் மீது தனி மதிப்பு உண்டாயிற்று.

நண்பகலில் ராபர்ட்சன்பேட்டையில் கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டோம். கடைத்தெருவில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் ஒரே வாயில் கலந்து வருகின்றன. அதன்பின் ஆண்டர்சன்பேட்டைக்கு அப்பால் வீட்டைத் தேடிச் சென்றோம். வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள். சில இடிந்தும் சில வெள்ளையடித்தும் இருந்தன. பழைய எண்கள் மாறிவிட்டன. பெரியவருக்கு நினைவிருந்தவை இரண்டே: லைனின் முனையில் ஒரு மாரியம்மன் கோயில், வாசற்படியருகே தரையில் பதித்த ஆட்டுக்கல். கோயில் புதிதாகக் கட்டியிருந்தார்கள். ஆட்டுக்கல் மூன்று வீடுகளில் இருந்தது! நான்கு சந்துகள் நடந்தபின் ஒரு வீட்டின் முன் நின்றார்.

அவ்வீட்டு அம்மையார் முதலில் எங்களைச் சர்க்கார் ஆட்கள் என்று அஞ்சிவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், “உள்ளே வாங்க தாத்தா, உங்க வீடுதானே” என்றார். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. சுவரில் ஒரு மாடம். “அம்மா விளக்கு வைப்பாள்” என்று பெரியவர் அதனுள் கையை விட்டுத் தடவினார். அதில் இப்போது கைப்பேசி மின்னேற்றும் கம்பி கிடந்தது. அம்மையாரின் மாமனாரும் சுரங்கத்தில் வேலை செய்தவர்; மூடிய நாளில் வேலை இழந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுள் ஒருவர். கணவர் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூர் சென்று, இரவு ஒன்பது மணிக்குத் திரும்புகிறார். “வீட்டுக்குப் பத்திரம் எங்கள் பெயருக்கு வரும், வரும் என்கிறார்கள். காத்திருக்கிறோம்” என்றார். இதைக் கேட்டதும் பெரியவர் நிமிர்ந்து, எந்த அலுவலகத்துக்கு மனு கொடுத்தார்கள், நகல் வைத்திருக்கிறார்களா, தேதி போட்டு முத்திரை வாங்கினார்களா என்று ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்கிவிட்டார். பெங்களூரில் நாற்பதாண்டு குமாஸ்தா வேலை பார்த்தவரல்லவா! தேநீர் ஆறிப்போயிற்று. மனுவின் நகலை வாங்கி மடித்து, அந்தப் பில்லை இருந்த பையிலேயே வைத்துக்கொண்டார். அவ்வீட்டுச் சிறுமி கன்னடப் பள்ளியில் படிக்கிறாள். எங்கள் இதழைக் கொடுத்தோம். அட்டையிலிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

மாலையில் மாரிகுப்பத்தில் வண்டியேறினோம். பங்காரப்பேட்டையில் எதிர்ப்புறத்து நடைமேடையில் பெங்களூர் வண்டி வந்து நின்றது. நிற்கவும் இடமின்றி நிறைந்திருந்தது. தோளில் சோற்றுப் பையுடன் ஆண்களும் பெண்களும் கிளைப்பாதை வண்டியை நோக்கி விரைந்தார்கள். பெரியவர் சாளரத்தருகே அமர்ந்து மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவைப் படித்துக்கொண்டிருந்தார். “தேதி போடவில்லை பாருங்கள்” என்றார். திங்கட்கிழமை அவருடன் அந்த அலுவலகத்துக்குச் செல்ல எங்களுள் இருவர் ஒப்புக்கொண்டோம்.