கலங்கல் தண்ணியும் கறுப்புத் தவளையும்

விரால் பிடிக்கிறதைப் பத்தி எழுதுறேன்னு சொல்லி ரொம்ப நாளாச்சு. ஆணி அதிகம் மக்கா. ஒரகடத்துல பொட்டி தட்டுறவனுக்கு ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் சொந்தம், அதையும் ஏரிக்கரையில தொலைச்சிட்டா எங்க எழுதுறது? இன்னிக்கு எப்படியும் முடிச்சிடணும்னு உட்கார்ந்துட்டேன். மீன் வாசனையே ஆகாதவங்களும் கடைசி வரைக்கும் படிங்க, விஷயம் வேற.

நமக்கு ஊரு வாலாஜாபாத். பாலாத்தங்கரைன்னு பேரு, ஆத்துல தண்ணி பாக்குறதுக்குள்ள வருஷம் ஓடிடும். ஆனா ஏரிக்குப் பஞ்சமில்ல. பக்கத்துல தென்னேரி இருக்கு. திரையன் ஏரிதான் மருவி தென்னேரி ஆச்சுன்னு சொல்லுவாங்க. அவ்வளவு பெரிய ஏரி நமக்குத் தாங்காது. நாங்க போறது அந்தப் பக்கம் இருக்குற ஒரு சின்ன ஏரி. குத்தகைக்காரர் அப்பாவுக்குப் பழக்கம், கேட்டுட்டுத்தான் இறங்குவோம்.

அப்பா ரயில்வேல கேங்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர். விரால் தூண்டில்ல அந்தக் காலத்து ஆளு. மூங்கில் கழி, நரம்பு, முள்ளுல ஒரு நிஜத் தவளை. அல்லி இலைக்கு நடுவுல இருக்குற சந்துல 'தொப் தொப்'னு போட்டுட்டே கரையோட நடப்பார். விராலுக்கு செவுள் மட்டும் பத்தாது, மேல வந்து காத்தையும் முழுங்கணும். அந்தக் கொப்புளத்தை வச்சே மீன் எங்க இருக்குன்னு சொல்லிடுவார். செக்கச் செவேல்னு குஞ்சுக் கூட்டம் தெரிஞ்சா மட்டும் தூண்டிலைச் சுருட்டிடுவார். கீழ தாய்தகப்பன் காவல் நிக்கும், அதைப் புடிச்சா குஞ்செல்லாம் போச்சுன்னு.

நான் இன்ஜினியரிங் படிச்சவன் இல்லியா, சும்மா இருக்க முடியுமா? ராடு, ரீல், ரப்பர் தவளைன்னு வாங்கிக் குவிச்சேன். தவளை மட்டும் ஆறு கலர். வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், பச்சை, பழுப்பு, கருநீலம், கறுப்பு. பார்சலைப் பிரிக்கும்போது அம்மா கேட்ட கேள்வி: "இந்தக் காசுக்கு மூணு கிலோ விராலே வாங்கியிருக்கலாமேடா?" பதில் இல்ல. ஹி ஹி.

கலருக்கு ஏன் இவ்வளவு அலட்டல்னா, தண்ணியே ஒரு வடிகட்டி. தெளிஞ்ச தண்ணியில சிவப்பு வெளிச்சம்தான் முதல்ல காலியாகும், நீலம் ஆழம் வரைக்கும் போகும். கடல் நீலமா தெரியுறது அதனாலதான். மழை பெஞ்சு செம்மண்ணும் மக்கின இலைதழையும் கலந்து டீ கலர்ல நிக்கிற ஏரியில கதை தலைகீழ். அங்க முதல்ல அடிபடுறது நீலம். மஞ்சளும் சிவப்பும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால நீல லூர் கலங்கல்ல நீலமாவே இருக்காது, கறுத்துப் போயிடும்.

அமெரிக்காவுல பாஸ் மீன் புடிக்கிறவங்க இந்தக் கலர் சண்டையை ரொம்ப வருஷமா போட்டுட்டு இருக்காங்க. இல்லினாய் பல்கலைக்கழகத்துல 2018-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. பாஸ் மீனுக்கு நிறம் காட்டிப் பழக்கி சோதிச்சிருக்காங்க. அதோட கண்ணுல நிறம் பாக்குற செல்லு ரெண்டே வகை, ஒண்ணு பச்சைக்கு, ஒண்ணு சிவப்புக்கு. அதனால சிவப்பையும் பச்சையையும் நல்லாப் பிரிச்சுப் பாக்குது. ஆனா நீலத்தையும் கறுப்பையும் குழப்பிக்குது. எலுமிச்சை மஞ்சளையும் வெள்ளையையும் குழப்பிக்குது. விராலுக்கும் அப்படியேன்னு நான் சொல்ல வரல. இந்தக் கடைசி ரெண்டு வரியை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க.

போன நவம்பர்ல ஒரு ஞாயிறு. ரெண்டு நாள் மழைக்கு அப்புறம் ஏரி நல்ல டீ கலர். டப்பாவைத் திறந்து அப்பா முன்னாடி நீட்டினேன்.

"கறுப்பை எடுடா. மேல போற சாமானை மீன் கீழ இருந்து அண்ணாந்து பாக்குது. வானம் வெளுப்பு. அதுல கறுப்புதான் எடுப்பாத் தெரியும்."

படிக்காமலே பாயிண்டைப் புடிச்சுட்டார் மனுஷன். சொல்லிட்டு அவரே ஒண்ணை எடுத்தார். கருநீலம்.

"அப்பா, இது நீலம்."

"எதுடா நீலம்? ராப்பகலா பொட்டியைப் பாத்து உனக்குத்தான் கண்ணு போச்சு. நான் ரயில்வேல கண்ணு டெஸ்ட்டு பாஸ் பண்ணவன்."

சிரிச்சுட்டு விட்டுட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த வெள்ளையைப் போட்டுப் பாரு"ன்னு கை காட்டினார். அவர் காட்டினது எலுமிச்சை மஞ்சள்.

அப்பத்தான் வயித்துல என்னவோ பண்ணுச்சு. நீலம் கறுப்பா தெரியுது, மஞ்சள் வெள்ளையா தெரியுது. அந்த மீன் செஞ்ச ரெண்டு தப்பும் அப்படியே.

அடுத்தடுத்து எல்லாம் ஞாபகத்துக்கு வருது. சாயங்காலம் வண்டலூர் ரோட்டுல எக்ஸெல்லை ஓட்டிட்டு வந்தவர், கன்டெய்னர் லாரி வெளிச்சம் கண்ணுல அடிச்சு மண்ணுல இறங்கி விழுந்தது. "லைட்டு கூசுது"ன்னு சொன்னார், நாங்க லாரிக்காரனைத் திட்டினோம். பேப்பரை வாசப்படி வெளிச்சத்துக்கு எடுத்துட்டுப் போனது. நான் வாங்கிக் குடுத்த நீலச் சட்டையை, "துக்கத்துக்குப் போற மாதிரி கறுப்பு வாங்கியிருக்கான்"னு அம்மாகிட்ட சொன்னது. ஆறு மாசமா மீன் கண்ணுக்கு எது எப்படித் தெரியும்னு ராத்திரி உட்கார்ந்து படிச்சவன், ஒரே வீட்டுல இருக்குற அப்பா கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு ஒரு நாள் கேட்கல.

டாக்டர் பாத்துட்டு ரெண்டு கண்ணுலயும் புரைன்னார். கண் லென்ஸ் வயசாக ஆக மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகுமாம். அது முதல்ல தடுக்குறது நீலத்தை. அதாவது கண்ணுக்குள்ளயே ஒரு கலங்கல் ஏரி. மெதுவா ஏறுறதால அவங்களுக்கே தெரியாது. பிரான்ஸ் ஓவியர் மோனேக்கும் இதே கதை. 1923-ல வலது கண்ணுல ஆபரேஷன் பண்ற வரைக்கும் புரையோடவே வரைஞ்சிருக்கார்.

அப்பா ஆபரேஷனுக்கு மசியல. "கண்ணுல கத்தி வைக்க விடமாட்டேன்." நம்ம திருமுக்கூடல் கோயில் கல்வெட்டுல வீரராஜேந்திர சோழன் காலத்துலயே 15 படுக்கை ஆஸ்பத்திரியும், அறுத்து வைத்தியம் பண்ண ஒரு ஆளும் இருந்ததா எழுதியிருக்குன்னு பெருமையா எடுத்து விட்டேன். "அந்த ஆளையே வரச்சொல்லு, பண்ணிக்கிறேன்"னார். அவ்வ்வ்.

கடைசியில அவரைக் கவுத்தது தவளை டப்பாதான். கூடத்துல ஆறையும் வரிசையா வச்சு, "ஒவ்வொண்ணும் என்ன கலர், அம்மா முன்னாடி சொல்லுங்க"ன்னேன். சொன்னார். அம்மா மூஞ்சியைப் பாத்தார். அம்மா எதுவும் பேசல. ரொம்ப நேரம் அந்த நீலத் தவளையைக் கையில வச்சுத் திருப்பிட்டே இருந்தவர், "எப்ப போவணும்?"னு மட்டும் கேட்டார்.

முதல்ல ஒரு கண்ணு. மறுநாள் கட்டுப் பிரிச்சு வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "சுவத்துக்கு எப்படி வெள்ளையடிச்சீங்க?" நாங்க அடிக்கவே இல்ல. அப்புறம் டப்பாவைக் கேட்டு வாங்கினார். ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால, மாத்தி மாத்திப் பாத்தார். "இதுல நீலம். இதுல கறுப்பு." சின்னப் புள்ளை மாதிரி பத்து தடவை பாத்திருப்பார். நான் தண்ணி குடிக்கிற சாக்குல சமையக்கட்டுக்குப் போயிட்டேன்.

இப்ப ரெண்டு கண்ணும் முடிஞ்சு, டாக்டர் சரின்னு சொன்னதுக்கு அப்புறம் ஏரிக்குப் போனோம். அதே கலங்கல். நல்லாப் பாத்து, பொறுக்கி, நிஜமாவே கறுப்பை எடுத்தார். மூணாவது வீச்சுல விரால். நான் எலுமிச்சை மஞ்சளோட சாயங்காலம் வரைக்கும் நின்னு ஒண்ணும் சிக்காம வந்தேன்.

கலங்கல்ல எந்தக் கலர்னு கேட்டா என் பதில் இதுதான். மேல ஓடுற தவளைன்னா கறுப்பு, அதையும் மெதுவா, சத்தம் வர்ற மாதிரி இழுங்க. கண்ணு உதவாத இடத்துல மீன் உடம்போட பக்கவாட்டுக் கோட்டால அதிர்வை வச்சே கண்டுபுடிச்சிடும்.

டிஸ்கி: வீட்டுல அறுபது தாண்டினவங்க இருந்தா, இன்னிக்கே ஒரு கருநீலத் துணியையும் கறுப்புத் துணியையும் நீட்டிக் கேட்டுப் பாருங்க. சரியாச் சொல்லிட்டாலும் ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. டப்பா வேணும்னா நான் கடன் தர்றேன். கறுப்புத் தவளையை மட்டும் தரமாட்டேன், அது அப்பாவோடது :-)