ஒண்டுக்குடித்தனத்தில் ஒப்பாரி

'மேகக் கணிமை' என்ற சொல்லாக்கத்தோடு எனக்குப் பிணக்கு உண்டு. மேகம் என்றதும் எவர் கைக்கும் எட்டாமல் உயரத்தில் மிதப்பது போன்ற தோற்றம் எழுகிறது. உண்மையில் அது தரையில், குளிரூட்டிய கட்டடத்துக்குள் அடுக்கி வைத்த கணினிகள்தான். ஒரு கணினியை மென்பொருளால் பல மெய்நிகர் கணினிகளாகத் தடுத்து, ஒருவரையொருவர் அறியாதவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். இதற்கு நம்மிடம் முன்பே சொல் இருக்கிறது: ஒண்டுக்குடித்தனம்.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் துறை மாணவியர் சேகரித்த ஒப்பாரி ஒலிப்பதிவுகளை அப்படியொரு வாடகைக் கணினியில் ஏற்றும் திட்டம் கல்லூரியில் இருக்கிறது. பாட்டுக்கு நடுவே அப்பெண்கள் கணவன்மாரைப் பற்றியும் பங்காளிச் சண்டைகளைப் பற்றியும் பெயர் சொல்லிப் பேசியிருக்கிறார்கள். வெளியே போகாது என்று வாக்களித்துத்தான் பதிந்தோம்.

ஒண்டுக்குடித்தனத்தில் வம்பு பெரும்பாலும் பொதுக் கிணற்றடியில்தான் பிறக்கும். இங்கே கிணற்றடி என்பது பங்கிட்டுக்கொள்ளும் வன்பொருள். 2015 மே மாதம் வெளிவந்த 'வெனம்' என்ற பிழையைப் படித்தபோது சிரிப்பும் அச்சமும் சேர்ந்தே வந்தன. வழக்கொழிந்த பிளாப்பி வட்டின் இயக்கியைப் போலப் பாவனை செய்யும் நிரல் ஒன்று, கியூஇஎம்யூ என்னும் மென்பொருளில் 2004 முதல் அந்தப் பிழையோடு கிடந்திருக்கிறது. மெய்நிகர் கணினிக்குள் முழு அதிகாரம் பெற்ற ஒருவர் அதன் வழியே தடுப்பை உடைத்துத் தாய்க் கணினிக்குள் நுழைய முடியும். அங்கிருந்து அடுத்த குடித்தனங்களுக்கும் போகலாம். பிளாப்பியே வேண்டாம் என்று நீக்கியிருந்தாலும், வேறொரு பிழையால் அந்நிரல் உயிரோடு இருந்தது. வழக்கிழந்த சொற்கள் அகராதியில் கிடந்து யாருக்கும் கேடு செய்வதில்லை. நிரல்களுக்கு அந்தச் சாதுத்தன்மை கிடையாது.

பாவனையை விட்டுக் கருவியையே நேரடியாகக் கையில் கொடுப்பதும் உண்டு. ஒலியை எழுத்தாக்க எங்களுக்கு வரைகலைச் செயலி வேண்டும் என்பதால் இது எங்களையும் தொடும். இத்தகைய கருவிகள் மையச் செயலியைக் கேட்காமலே நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் வல்லவை. ஐஓஎம்எம்யூ என்ற காவற்பகுதி ஒழுங்காக அமையாவிட்டால் அடுத்தவர் நினைவகமும் அவற்றுக்குத் திறந்த வீடு.

முழுக் கணினியையும் தனியாகவே எடுத்துவிட்டால்? 2019இல் எக்லிப்சியம் நிறுவனத்தார் ஐபிஎம்மின் வாடகைக் கணினி ஒன்றை எடுத்து, அதன் மேலாண்மைச் சில்லின் நிலைபொருளில் சிறு மாற்றம் செய்து திருப்பிக் கொடுத்தார்கள். அதே கணினியை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, அவர்கள் கூடுதலாக உருவாக்கியிருந்த பயனர் கணக்கு அழிக்கப்பட்டிருந்தது. நிலைபொருள் மாற்றமோ அப்படியே இருந்தது. வெள்ளையடித்திருக்கிறார்கள், பூட்டை மாற்றவில்லை. பின்னர் ஐபிஎம் ஒவ்வொரு முறையும் நிலைபொருளைப் புதிதாக எழுதும் ஏற்பாட்டைச் செய்தது.

எங்களுக்கு முன் குடியிருந்தவர் போனபின் எதையெல்லாம் அழிப்பீர்கள் என்று சேவை விற்க வந்த இளைஞரிடம் கேட்டேன். விலைப்பட்டியலின் அடுத்த பக்கத்தைக் காட்டினார். எழுத்தில் பதில் வரட்டும் என்றிருக்கிறேன். அதுவரை ஒலிப்பதிவுகள் துறை அலமாரியில், வன்தட்டில் இருக்கின்றன.