ஒரு கணினி, இரு வெள்ளாமை

கரிசல் உழவர் பருத்தியினூடே உளுந்து விதைப்பர். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். 2011 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் அவ்வாறே அருகருகே அமைந்திருந்தன.

கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலாளி ஒருவரின் மகளான எம் மாணவி, தமையனின் அத்தகைய பழங்கணினியைக் கொணர்ந்தாள். லினக்சை முன்பே எவரோ நீக்கியிருந்தனர். விண்டோசு 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்களோ 2020 சனவரியில் நின்றுவிட்டன. ஆய்வேட்டுக் கோப்புகள் அதிலேயே இருந்தன. அவற்றை முதலில் படியெடுத்தோம். பின் வன்தட்டில் வரப்பு வகுத்துப் புதிய லினக்சை நிறுவினோம். பயிர்கள் சேர்ந்து வளரும். இவற்றுள் ஒரு நேரத்தில் ஒன்றே இயங்கும். இன்று பழையதில் கோப்புகளைப் பார்க்கிறாள். இணையத்திற்குப் புதியதைத் திறக்கிறாள். புதுக்கணினி வாங்க வகையற்ற வீட்டில் படிப்பு தடைப்படவில்லை. உரிமக் கட்டணமற்ற இவ்வழியை மாணாக்கர்க்குக் காட்டுதல் எம் கடன்.