ராஜாஜி ஊரிலிருந்து எவரெஸ்ட் அடிவாரம் வரை

ஓசூரைத் தாண்டி கிருஷ்ணகிரி ரோட்டில் கொஞ்சம் வந்து உள்ளே திரும்பினால் தொரப்பள்ளி. 1878-ல் ராஜாஜி பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு இன்று அரசு நினைவில்லம். வாசலில் நின்றால் கிராமம். கொஞ்சம் வெளியே வந்தால் ஃபேக்டரி பஸ்கள். டீக்கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் எதில் வேண்டுமானாலும் கடன் சொல்லலாம்!

ஷிஃப்ட் முடிந்து இங்கே டீ குடிக்கும் இளைஞர்களின் லேட்டஸ்ட் ஆசை, பனிமலை. நம்மூரில் வெள்ளையாகப் பார்க்க வேண்டுமென்றால் கெலவரப்பள்ளி அணையில் பொங்குகிற நுரைதான். அதுவும் பெங்களூர்க் கழிவின் உபயம். அதனால், "மச்சி, நேபாளம் போலாம்டா. விசா வேணாம், வோட்டர் கார்டு போதும்" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

போகலாம், தப்பில்லை. அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஓசூரின் உயரம் சுமார் 900 மீட்டர். ஊட்டி தொட்டபெட்டா 2,637. காத்மாண்டுவிலிருந்து குட்டி விமானத்தில் போய் இறங்கும் லுக்லாவே சுமார் 2,860! அங்கிருந்து நடை. நாம்சே பஜார் 3,440. எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364. கடற்கரையில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதிதான் அங்கே கிடைக்கும்.

முதலில் தலைவலி, குமட்டல். அதை அலட்சியப்படுத்தி மேலே ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். ஜிம்முக்குப் போகிற உடம்பு என்றெல்லாம் மலை பார்க்காது. இதற்கு முதல் வைத்தியம், உடனே கீழே இறங்குவது. நடக்க முடியாதவனை இறக்க அந்தப் பாதையில் ஆம்புலன்ஸ் வராது, ஹெலிகாப்டர்தான் வரும். பில் லட்சக்கணக்கில் வரும்.

"கம்பெனி மெடிக்ளெய்ம் இருக்கே சார்?" இருக்கிறது. அது பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஈ.எஸ்.ஐ. கார்டை நீட்டினால் ஷெர்பா சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஆகவே தனியாக ஒரு பயண இன்ஷூரன்ஸ். 'எது சீப்?' என்று கேட்காதீர்கள். ராஜாஜி சேலத்தில் கொடிகட்டிப் பறந்த வக்கீல். அவர் ஊர்க்காரர்கள் ஷரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடலாமா?

பார்க்க வேண்டியது நாலே விஷயம்.

ஒன்று, உயர வரம்பு. மலைநடையைச் சாகச விளையாட்டு என்று ஒதுக்கும் பாலிசி உண்டு. இத்தனை மீட்டருக்கு மேல் பொறுப்பில்லை என்பதும் உண்டு. அடிவார முகாம் போகிறவருக்கு 6,000 மீட்டர் வரை செல்லும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு, ஹெலிகாப்டர் மீட்பு. 'அவசர சிகிச்சை' என்று மட்டும் இருந்தால் போதாது. மீட்புக்கும் பணம் உண்டா, எவ்வளவு வரை என்று பாருங்கள்.

மூன்று, ஆபத்தில் அழைக்கும் போன் நம்பர். ஹெலிகாப்டருக்கு முன் அனுமதி கேட்கும் கம்பெனிகள் உண்டு. காரணம் இருக்கிறது. லேசான தலைவலிக்கெல்லாம் ஹெலிகாப்டர் ஏற்றி, ஒரே பயணத்துக்குப் பல பில் போட்ட மோசடி 2018-ல் நேபாளத்தில் பெரிதாக வெடித்தது. நம்பரை செல்போனில் மட்டும் வைக்காமல் காகிதத்திலும் எழுதி, கூட வருபவன் பையிலும் ஒன்று வையுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும்.

நான்கு, உங்கள் உடம்பு. ஆஸ்துமா, பி.பி., சுகர் எதையும் மறைக்காதீர்கள். மறைத்தால் க்ளெய்ம் கேட்கும்போது அதையே காட்டி மறுப்பார்கள். பாலிசியை இந்தியாவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

நியாயமில்லாமல் மறுத்தால், முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையா? சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். கட்டணம் கிடையாது.

ஒன்று மட்டும் ஞாபகமிருக்கட்டும். பாலிசி காப்பாற்றுவது பணத்தை. உயிரைக் காப்பாற்றுவது, 3,000 மீட்டருக்கு மேல் அவசரப்படாமல் ஏறி, தலை வலித்தால் "போதும்டா, இறங்கலாம்" என்று சொல்கிற நண்பன். அப்படி ஒருத்தனைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

அவனுக்கும் ஒரு பாலிசி எடுத்துவிட்டு!